சிபிஐக்கு மனு எழுதச் சொல்லி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஜெராக்ஸ் கடையும் அதன் ஓரமாக மனு எழுதுகிற மேஜையும் வைத்திருக்கிறேன். திருவனந்தபுரத்துக்கு மலையாளத்தில், சென்னைக்குத் தமிழில், டெல்லிக்கு இங்கிலீஷில் என்று ஒரே நாளில் மூன்று மொழியிலும் எழுத வேண்டி வரும். மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து "இதை நேரா சிபிஐக்கே போட்டுருங்க" என்பார்கள். அவர்கள் கேட்டதையும், நான் பதில் சொல்லத் தெரியாமல் முழித்துவிட்டு அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே போட்டிருக்கிறேன்.

சிபிஐ எந்த வருஷம் ஆரம்பித்தது?

பரீட்சைக்கு என்றால் 1963 ஏப்ரல் 1 என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு நடந்தது ஏற்கெனவே இருந்த ஒரு போலீஸ் பிரிவைப் பெரிதாக்கிப் புதுப் பெயர் வைத்ததுதான். அதன் வேர் 1941-ல், இரண்டாம் உலகப் போர் நேரத்தில் இருக்கிறது. ராணுவத்துக்காக அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு பொருள் வாங்கிக் குவித்த காலம் அது. காண்ட்ராக்ட் எடுத்தவனும் அதிகாரியும் சேர்ந்து அடித்த கொள்ளையைச் சாதாரண போலீஸால் தொட முடியவில்லை. அதனால் யுத்த இலாகாவுக்குக் கீழேயே ஒரு சிறப்புப் போலீஸை வைத்தார்கள். தலைமை இடம் லாகூர். ஆமாம், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற அதே லாகூர்தான். அதற்குத் தலைமை வகித்த குர்பான் அலி கான், தேசம் பிரிந்தபோது பாகிஸ்தான் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பக்கத்திலிருக்கும் பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. இது ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கவரில் சரியாக எழுதாவிட்டால் தபால் அங்கே போய்ச் சுற்றிவிட்டு வரும் என்பதால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

இந்தியா முழுக்கப் போகிற போலீஸுக்குச் சட்டத்தில் எதற்கு "டெல்லி" என்று பெயர்?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பதில்லை. மொத்தக் கதையும் இதில்தான் தொங்குகிறது.

போர் முடிந்ததும் அந்தச் சிறப்புப் போலீஸை வைத்திருந்த அவசரச் சட்டம் காலாவதியாகிற நிலைக்கு வந்தது. கலைத்துவிட மனசில்லை, லஞ்சம் போரோடு முடிகிற சமாச்சாரம் இல்லையே. அதனால் 1946-ல் டெல்லி சிறப்புப் போலீஸ் அமைப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். மத்திய அரசு தன் கையில் நேரடியாக வைத்திருந்த இடம் டெல்லி, ஆகவே டெல்லிக்கு என்று ஒரு போலீஸை உண்டாக்கி, அதன் அதிகாரத்தை மற்ற இடங்களுக்கும் நீட்டிக்கலாம் என்று 5-வது பிரிவில் எழுதினார்கள். அப்படி நீட்டினாலும் அந்தந்த மாநில அரசு சம்மதித்தால்தான் செல்லும் என்கிறது 6-வது பிரிவு. சுதந்திரம் வந்து, அரசியல் சாசனம் வந்து, போலீஸ் என்பது மாநிலப் பட்டியலுக்குப் போய், மாநிலங்களின் எல்லைகளே மாறி, சித்தூரும் பாலக்காடும் 1956 நவம்பர் 1 அன்று கேரளாவில் சேர்ந்து, இவ்வளவும் ஆன பிறகும் இன்றைக்கு சிபிஐ நிற்பது அந்த 1946 சட்டத்தின் மேல்தான். சிபிஐக்கு என்று தனியாக ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் இன்று வரை நிறைவேறவில்லை. வாடகை வீட்டில் எண்பது வருஷம் குடியிருப்பது மாதிரி.

அப்படியென்றால் 1963-ல் என்னதான் நடந்தது?

உள்துறை அமைச்சகம் ஒரு தீர்மானம் போட்டது. அவ்வளவுதான், அரசு உத்தரவு மாதிரி ஒன்று. அதற்கு முன்னால் 1962-ல், ஊழலை ஒழிக்க வழி சொல்லுங்கள் என்று கே. சந்தானம் தலைமையில் ஒரு குழு போட்டிருந்தார்கள். அவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர். அந்தக் குழு 1964-ல் கொடுத்த அறிக்கையின் வழியாகத்தான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. அதாவது சிபிஐயும் அந்த ஆணையமும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள். முதல் இயக்குநர் டி.பி. கோலி, 1955-லிருந்தே பழைய சிறப்புப் போலீஸை நடத்திக்கொண்டிருந்தவர், 1968 வரை இருந்தார்.

லஞ்சம் பிடிக்க வந்தவர்கள் கொலைக் கேஸுக்கு எப்போது வந்தார்கள்?

1965 வாக்கில் கொலை, கடத்தல் போன்ற கேஸ்களையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1987-ல் ஊழலுக்கு ஒரு பிரிவு, சிறப்புக் குற்றங்களுக்கு ஒரு பிரிவு என்று பிரித்தார்கள். ஆனால் நம் பக்கத்து ஜனங்களின் மனதில் சிபிஐ என்ற மூன்று எழுத்து பதிந்தது 1991 மே 21-க்கு அப்புறம். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த சிறப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டி.ஆர். கார்த்திகேயன், கோவை மாவட்டத்துக்காரர், பிறகு சிபிஐ இயக்குநராகவும் இருந்தார். குண்டுவெடிப்பில் அங்கேயே இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் கேமரா, அதற்குள் இருந்த ஃபிலிம் ரோல், அதிலிருந்துதான் முடிச்சு அவிழ ஆரம்பித்தது. எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு: மம்மூட்டி நெற்றியில் குங்குமம் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருத்தரையும் அடிக்காமல் கேள்வி மட்டும் கேட்கிற ஐயராக சிபிஐ வேஷம் கட்டியது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு சிபிஐ வந்தால் மூன்று மணி நேரத்தில் உண்மை வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.

மூன்று மணி நேரம் இல்லையென்றால் எவ்வளவு நேரம்?

கோட்டயத்தில் சிஸ்டர் அபயா என்ற இளம் கன்னியாஸ்திரீ 1992 மார்ச் 27 அன்று கான்வென்ட் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். உள்ளூர் போலீஸும் கிரைம் பிராஞ்சும் தற்கொலை என்றன. 1993-ல் சிபிஐ வந்தது. கொலைதான் என்று சொன்ன அதிகாரி ஒருவர், தற்கொலை என்று முடிக்கச் சொல்லி மேலிடத்தில் அழுத்தம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டி வேலையையே விட்டுவிட்டார். கேஸை மூடிவிடலாம் என்று சிபிஐ ஒரு தடவைக்கு மேல் கோர்ட்டில் கேட்டது, கோர்ட் விடவில்லை. 2008-ல் கைது. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சிபிஐ கோர்ட் ஒரு பாதிரியாரும் ஒரு கன்னியாஸ்திரீயும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை கொடுத்தது. இருபத்தெட்டு வருஷம். அந்த வழக்கின் முக்கியச் சாட்சி யார் தெரியுமா, அன்றைக்கு ராத்திரி அந்தக் கான்வென்ட்டில் இடிதாங்கியின் செம்பைத் திருட ஏறிய ஒரு திருடர். கடைசி வரை சொன்ன சொல் மாறாமல் நின்றது அவர்தான். தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் எல்லை ஊரான வாளையாரின் சகோதரிகள் வழக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். கோர்ட்டில் இருக்கிற விஷயம், அதிலும் குழந்தைகள் சம்பந்தப்பட்டது, இங்கே எழுதமாட்டேன்.

அண்ணா, இவங்க இங்கே வர மாநில அரசு சம்மதிக்கணும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான் தம்பி. மேலே சொன்ன 6-வது பிரிவு. முன்பெல்லாம் மாநிலங்கள் பொதுவாக ஒரு சம்மதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடும், ஒவ்வொரு கேஸுக்கும் கேட்க வேண்டியதில்லை. அப்புறம் டெல்லியில் ஒரு கட்சி, மாநிலத்தில் வேறொரு கட்சி என்று சண்டை முற்றியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க ஆரம்பித்தன. ஆந்திரா 2018 நவம்பரில் திரும்ப வாங்கியது, அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் மறுபடி கொடுத்தது. கேரளா 2020 நவம்பரில் திரும்ப வாங்கியது. தமிழ்நாடு 2023 ஜூன் 14, ஒரு அமைச்சரை அமலாக்கத்துறை கைது செய்த அதே நாள். அதோடு வாளையாருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டிலும் கதவு சாத்தியாகிவிட்டது. எல்லையில் இருக்கிற எங்களுக்கு இது புதுசு இல்லை. பாலம் தாண்டினால் வேறு பர்மிட், வேறு ஸ்டேஷன், வேறு பாஷையில் எஃப்ஐஆர் என்று பார்த்துப் பழகியவர்கள்தான். டெல்லியிலிருந்து வருகிறவருக்கும் ஒரு செக்போஸ்ட் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஒன்று கவனியுங்கள். மத்திய அரசு ஊழியர் லஞ்சம் வாங்கிய கேஸில் இந்தச் சாக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆந்திராவில் வேலை பார்த்த மத்திய அரசு ஊழியர்கள் மேல் சிபிஐ போட்ட கேஸ்களை, மாநிலம் பிரிந்த பிறகு புதிதாகச் சம்மதம் வாங்கவில்லை என்று அங்கே உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது.

மாநில அரசே வேண்டாம் என்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவு போட்டால் மாநில சம்மதம் தேவையில்லை என்று 2010-ல் மேற்கு வங்க வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதற்கு முன்னாலும் கோர்ட் உத்தரவில் சிபிஐ வந்திருக்கிறது. மறக்கக்கூடாத ஒன்று வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்து மலைக்கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கி, பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அரசாங்கம் அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது. நடத்தியவர்களும் அரசு, விசாரிக்க வேண்டியவர்களும் அரசு என்றால் மாநிலப் போலீஸிடம் போய் என்ன கிடைக்கும்? 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐயிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். தீர்ப்பு வந்த 2011 செப்டம்பரில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட் சொன்னது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிபிஐயைத் திட்டுகிறவர்களிடம் நான் வாச்சாத்தியைச் சொல்வேன், தலையில் வைத்து ஆடுகிறவர்களிடம் அபயாவைச் சொல்வேன்.

நம்பி நாராயணன் கேஸில் அவரை மாட்டிவிட்டது சிபிஐயா, காப்பாற்றியது சிபிஐயா?

இதைக் குழப்பிக்கொள்ளாத ஆளே இல்லை. நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்த தமிழர், இஸ்ரோவில் திரவ எரிபொருள் இன்ஜின் வேலையில் பெரிய ஆள். ராக்கெட் ரகசியத்தை விற்றார் என்று 1994 நவம்பர் 30 அன்று கைது செய்தது கேரளா போலீஸ். உளவுத்துறை என்று நாம் சொல்லும் ஐபி ஆட்களும் விசாரித்தார்கள், சித்திரவதை செய்தார்கள் என்று அவர் சொன்னார். சில நாளில் கேஸ் சிபிஐக்குப் போனது. 1996-ல் சிபிஐ, இது பொய்க் கேஸ் என்று எர்ணாகுளம் கோர்ட்டில் அறிக்கை கொடுத்து முடித்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம். கேரள அரசு அதே 1996-ல், சிபிஐக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்குகிறோம், மறுபடி எங்கள் போலீஸே விசாரிக்கும் என்று உத்தரவு போட்டது. அதே 6-வது பிரிவு! உச்ச நீதிமன்றம் 1998 ஏப்ரலில் அதை அடித்துத் தள்ளியது: ஒரு கேஸுக்குச் சம்மதம் கொடுத்தால் கொடுத்ததுதான், நடுவில் பிடுங்க முடியாது. 2018 செப்டம்பரில் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, 2019-ல் பத்ம பூஷண் வந்தது, 2021-ல் அவரை மாட்டிவிட்டது யார் என்று விசாரிக்கும் வேலையும் சிபிஐயிடமே வந்தது. விட்டுப்போன வருஷங்களையும் ராக்கெட் வேலையையும் யார் கொடுப்பது என்பது எந்த உத்தரவிலும் இல்லை.

"கூண்டுக்கிளி" என்று சொன்னது யார்?

உச்ச நீதிமன்றம், 2013 மே மாதம், நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில். எஜமான் சொல்லிக் கொடுத்ததைப் பேசும் கிளி என்ற பொருளில். விசாரணை அறிக்கையைக் கோர்ட்டுக்குக் கொடுக்கும் முன் அமைச்சரும் அதிகாரிகளும் பார்த்துத் திருத்தியது தெரிந்து வந்த கோபம் அது.

கிளியைக் கூண்டிலிருந்து எடுக்கிற முயற்சி அதற்கு முன்பே நடந்தது. 1991-ல் சிக்கிய ஒரு ஹவாலா டைரியில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தும் சிபிஐ அசையவில்லை என்று வினீத் நாராயண் என்ற பத்திரிகையாளர் வழக்குப் போட்டார். 1997 டிசம்பரில் வந்த தீர்ப்பில் இயக்குநருக்குக் குறைந்தது இரண்டு வருஷம் பதவி, ஊழல் கேஸ்களில் கண்காணிப்பு ஆணையத்தின் மேற்பார்வை என்று வந்தது. பெரிய அதிகாரிகளை விசாரிக்க முன்கூட்டியே அரசிடம் கேட்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் ரத்து செய்தது. 2003-ல் அரசு அதைச் சட்டமாகவே திரும்பக் கொண்டுவந்தது, 2014-ல் கோர்ட் மறுபடி ரத்து செய்தது, 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் வேறு உருவில் மறுபடி வந்தது. ஆடு புலி ஆட்டம்தான். இப்போது இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் அனுப்பும் நீதிபதி ஆகிய மூன்று பேர் குழு. அப்படித் தேர்ந்தெடுத்த ஒருவரைத்தான் 2018 அக்டோபரில் நடுராத்திரி உத்தரவு போட்டுக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள், ஜனவரியில் கோர்ட் அதை ரத்து செய்தது.

சிபிஐயே செல்லாது என்று ஒரு கோர்ட் சொன்னதாமே?

சொன்னது. 2013 நவம்பர் 6, குவாஹாட்டி உயர் நீதிமன்றம். 1963-ல் போட்டது வெறும் தீர்மானம், சட்டம் இல்லை, அதை வைத்து ஒரு போலீஸை உண்டாக்க முடியாது என்றது. நாடு முழுக்க சிபிஐ கேஸில் மாட்டியிருந்தவர்கள் எல்லாம் வக்கீலுக்குப் போன் போட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் சனிக்கிழமை, கோர்ட் கிடையாது, தலைமை நீதிபதி பி. சதாசிவம் தன் வீட்டிலேயே உட்கார்ந்து விசாரித்து அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தார். பவானிப் பக்கத்துக்காரர், அடுத்த வருஷமே எங்களுக்கு கவர்னராக வந்தார். அந்தத் தடையில்தான் வண்டி ஓடுகிறது.

என்ஐஏ என்றால் வேறா?

வேறு. என்ஐஏ என்பது தேசியப் புலனாய்வு முகமை. 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு தனிச் சட்டத்தோடு வந்தது, பயங்கரவாதக் கேஸ்களுக்கு, மாநில சம்மதம் வேண்டாம். 2005-ல் எர்ணாகுளத்திலிருந்து சேலத்துக்குக் கிளம்பிய தமிழ்நாடு அரசு பஸ்ஸைக் களமசேரியில் எரித்தார்களே, அந்தக் கேஸ் பிற்பாடு அவர்களிடம்தான் போனது.

லஞ்சம் வாங்கினால் கை சிவப்பாகும் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் நோட்டைத் தொட்டவுடன் ஆகாது. புகார் கொடுத்தவர் கொண்டுவரும் நோட்டுகளின் நம்பரை எழுதிக்கொண்டு, ஃபினால்ஃப்தலீன் என்ற வெள்ளைப் பொடியைத் தடவிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. அதிகாரி பணத்தை வாங்கி எண்ணிச் சட்டைப் பையில் வைத்ததும், சாட்சிகளோடு உள்ளே வந்து, ஒரு கிளாஸில் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரை நீட்டி விரலை முக்கச் சொல்வார்கள். சலவை சோடாத் தண்ணீர் ரோஸ் கலராக மாறும். சட்டைப் பையையும் திருப்பி அதே மாதிரி முக்குவார்கள். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அரக்கு வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி லேபுக்கு அனுப்புவார்கள். மாநில அரசின் லஞ்ச ஒழிப்புப் போலீஸான விஜிலென்ஸும் இதே முறைதான். கலர் மட்டும் போதாது, பணத்தைக் கேட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். பல கேஸ் தோற்பது அங்கேதான்.

எல்லையில் ஒரு ஆபீஸில் என் ஃபைல் நகர நானே ஒரு தடவை கைமடக்கு கொடுத்திருக்கிறேன். அப்போது கொடுத்தவன் மேல் கேஸ் வரும் என்ற பயம் இல்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் நேரடியாகவே குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப் வீடியோவில் "சிபிஐ பேசுறோம்" என்று ஒருத்தர் வந்தார், என்ன செய்ய?

கட் பண்ணுங்கள். போன மழைக்காலத்தில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பேங்க் பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வா என்று உத்தரவாம். ஸ்கிரீனில் யூனிஃபார்ம் போட்ட ஆள், பின்னால் சிபிஐ சின்னம் ஒட்டிய சுவர். நான் போனை வாங்கி, "எந்த பிராஞ்ச், கொச்சியா சென்னையா?" என்று தமிழில் கேட்டேன். லைன் போய்விட்டது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணியும் நஷ்டம். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த மோசடிகளை நாடு முழுக்க விசாரிக்கும் வேலையை சிபிஐயிடமே கொடுத்தது, பொதுச் சம்மதம் தராத மாநிலங்களும் இதற்கு மட்டும் சம்மதிக்கும்படி சொன்னது.

சரி, என் மனுவை எங்கே அனுப்புவது?

உங்களிடம் பணம் கேட்டவர் யார் என்று பாருங்கள். தபால், ரயில்வே, கஸ்டம்ஸ், அரசு வங்கி, பாஸ்போர்ட் ஆபீஸ் என்றால் சிபிஐ. கேரளாவுக்குள் என்றால் கொச்சிப் பிரிவு, தமிழ்நாடு என்றால் சென்னைப் பிரிவு. வில்லேஜ் ஆபீஸ், பஞ்சாயத்து, ஆர்டிஓ, சப் ரிஜிஸ்டிரார் என்றால் சிபிஐக்கு எழுதித் தபால் காசை வீணாக்காதீர்கள், கேரளா விஜிலென்ஸ் நம்பர் 1064, தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்திவிட்டார் என்பதற்கும் சிபிஐ வராது, போன வாரம் கேட்டவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். மனுவில் தேதி, இடம், கேட்ட தொகை, என்ன வேலைக்காகக் கேட்டார் என்பது இருக்கட்டும், "நாட்டில் நீதி செத்துவிட்டது" என்ற பத்தியை நான் எப்படியும் அடித்துவிடுவேன். பேரம் பேசிய போன் ரெக்கார்டிங் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். முக்கியமாக, மனு போட்டதை டீக்கடையில் சொல்லாதீர்கள். பொடி தடவிய நோட்டோடு நீங்கள் போய் நிற்கும்போது அவர் லீவில் போயிருப்பார்.